காசிம் மறந்த சொல்

குகைக்குள் மாட்டிக்கொண்ட காசிமுக்குக் கதவைத் திறக்கும் சொல் மறந்துவிட்டது. "கம்பே, திற!" என்றான். கதவு அசையவில்லை. "கேழ்வரகே, திற!" அதற்கும் அசையவில்லை. "துவரம்பருப்பே... பச்சைப்பயறே..." முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன் பொறுக்க முடியாமல் எழுந்து "மைலோவே, திற!" என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. காசிமாக நடித்த பையன் சட்டென்று திரும்பி, "மைலோவே, திற!" என்று அதையே பாடத் தொடங்கிவிட்டான்.

பினாங்கின் கெலுகோரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்த ஒத்திகை இது. தீபாவளி விருந்துக்குப் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்து, வீடியோ எடுத்து, "டிவி ப்ரோகிராம் மாதிரி" திரையில் போட்டுக் காட்டவேண்டும் என்பது மாடியில் இருக்கும் ஆன்ட்டிகளின் உத்தரவு. ஒன்பது பிள்ளைகள், இருபத்தைந்து நிமிடம், பாட்டும் சிரிப்பும் இருக்கவேண்டும். நான் எடுத்துக்கொண்ட கதை அலிபாபா. எல்லாருக்கும் தெரிந்த கதை, சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். பழைய தேவதைக் கதையைப் பாட்டும் நகைச்சுவையுமாக மாற்றுவது தனி வேலை, அதற்கென்று தொழில்நுட்பம் இருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது.

அலிபாபாவின் அண்ணன் காசிம் ஏன் தானியங்களின் பெயராக அடுக்குகிறான்? "திறந்திடு சீசேம்" என்று தமிழன் குழந்தையிலிருந்து சொல்லி வருகிறான். சீசேம் என்றால் எள். கதையில் காசிம் மறந்துபோவது எள்ளைத்தான். தானியம் ஏதோ ஒன்று என்பது மட்டும் நினைவிருக்க, வாற்கோதுமையையும் மற்றதையும் சொல்லிப் பார்க்கிறான். இது கதைக்குள்ளேயே இருக்கும் நல்ல நகைச்சுவை. தமிழில் அது காணாமல் போனதற்குக் காரணம், நாம் சொல்லின் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம். 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் வைத்து எடுத்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்', அந்த ஓசையை இன்னும் நீட்டி ஒரு மந்திரமாகவே ஆக்கிவிட்டது. தவறென்று சொல்லமாட்டேன். காதுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மந்திரத்தை மறந்தவனைப் பார்த்தால் பயம்தான் வரும். பருப்பின் பெயரை மறந்தவனைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு சொல்லை எப்படி மொழிபெயர்க்கிறோம் என்பதிலேயே அந்தக் காட்சி திகிலா, காமெடியா என்பது தீர்மானமாகிவிடுகிறது.

இந்தக் கலையின் அடிப்படை அங்கேதான் இருக்கிறது. தேவதைக் கதை வேகமாக ஓடும். "காசிம் சொல்லை மறந்தான், திருடர்கள் வந்து வெட்டினார்கள்" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். அந்த வரிக்குள் என்ன நடந்திருக்கும் என்று கேட்கிற இடத்தில்தான் பாட்டும் சிரிப்பும் முளைக்கின்றன. கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அடுத்து என்ன என்ற கவலை பார்ப்பவருக்கு இல்லை. நிதானமாக நின்று வேடிக்கை பார்க்க அவர் தயார்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சுத்தமான உதாரணம், 1959இல் நியூயார்க்கில் மேடையேறிய 'ஒன்ஸ் அபான் எ மேட்ரஸ்'. ஆண்டர்சன் 1835இல் வெளியிட்ட பட்டாணி இளவரசிக் கதை அது. இருபது மெத்தைக்கு அடியில் ஒரு பட்டாணி. அது உறுத்தித் தூக்கம் வராதவள்தான் உண்மையான இளவரசி. ஆண்டர்சன் ஓரிரு பக்கத்தில் முடித்துவிட்டார். இசையமைத்த மேரி ராட்ஜர்ஸும் கூட்டாளிகளும் கேட்டது ஒரே கேள்வி: இருபது மெத்தைக்கு மேலே படுத்தவளுக்குப் பட்டாணி எப்படி ஐயா உறுத்தும்? அவர்கள் கண்டுபிடித்த பதில், அவள்மேல் பிரியம் வைத்தவர்கள் ஈட்டியும் கவசமும் கையில் கிடைத்ததுமாக மெத்தைக்குள் ரகசியமாகச் செருகி வைத்திருந்தார்கள் என்பது. நாடகம் முழுவதும் அந்தக் கடைசிச் சிரிப்பை நோக்கித்தான் நடக்கிறது. அகழியை நீந்திக் கடந்து சொட்டச் சொட்ட அரண்மனைக்குள் வந்து நிற்கும் இளவரசியாக நடித்த கேரல் பர்னெட், 1964இலும் 1972இலும் அதையே தொலைக்காட்சிக்காக நடித்தார். 2005இல் மூன்றாம் முறை எடுத்தபோது அவரே மாமியார் மகாராணி.

இத்தனை தூரம் போகவேண்டியதில்லை. இந்தத் தொழிலுக்குப் பினாங்கே ஒரு தாய்வீடு.

1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. இங்கே அதற்கு 'வாயாங் பார்சி' என்று பெயர். தீட்டிய படுதாக்கள், ஆர்மோனியம், தபேலா, பாட்டு, மாயஜாலம். ஒரு குழு ஊர் திரும்பும்போது சாமான்களை விற்றுவிட்டுப் போனது. அதை வாங்கியவர் பினாங்கின் இந்திய வம்சாவளி முஸ்லிம் வணிகர் முகம்மது புஷி, ஊர் வாயில் 'மாமாக் புஷி'. 1885இல் அவர் தொடங்கிய குழு மலாய் மொழியில் ஆடியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் பங்சாவான் என்கிற மலாய் இசை நாடகம். அரபுக் கதை, இந்தியக் கதை, சீனக் கதை, ஷேக்ஸ்பியர் என்று எது கிடைத்தாலும் எடுத்துப் பாட்டோடு ஆடிவிடுவார்கள். முழு வசனப் பிரதி கிடையாது. எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்று முதலாளி சொல்வார். மிச்சத்தை நடிகர்கள் மேடையிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

பங்சாவானில் எனக்கு மிகவும் பிடித்தது 'எக்ஸ்ட்ரா டர்ன்'. அரண்மனைப் படுதாவைச் சுருட்டிக் காட்டுப் படுதாவை இறக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தில் முன்னால் தெருப் படுதாவைத் தொங்கவிட்டு, கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டோ நடனமோ கோமாளிக் கூத்தோ நடக்கும். பின்னால் ஆணியடிக்கும் சத்தம் இந்தப் பாட்டில் அமுங்கிவிடும். தமிழ் ஸ்பெஷல் நாடகத்தில் பஃபூன் செய்யும் வேலைக்கும் இதற்கும் சொந்தம் உண்டு. இரண்டும் பார்சி மேடையைப் பார்த்துப் பழகியவைதானே. பங்சாவானின் சமூக வரலாற்றையும் இசையையும் விரிவாக எழுதிய நூல் 1993இல் வந்தது. எழுதிய டான் சூய் பெங் பேராசிரியராக இருந்தது எங்கள் கெலுகோரிலேயே, பழைய மிண்டன் ராணுவ முகாம் இருந்த இடத்தில் எழுந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். தினமும் பஸ்ஸில் அந்த வாசலைத் தாண்டிப் போகிறேன். அலிபாபாவுக்காக மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அந்த நூலைப் பற்றியே எனக்குத் தெரிந்தது.

அந்த எக்ஸ்ட்ரா டர்ன்தான் பிற்பாடு தொலைக்காட்சியில் வேறு வேஷத்தில் வந்தது. 1957 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் சிபிஎஸ் நிலையம் 'சிண்ட்ரெல்லா'வை இசை நாடகமாக நேரலையில் ஒளிபரப்பியது. ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் தொலைக்காட்சிக்கென்றே எழுதியது; அந்த ராட்ஜர்ஸ் மேற்சொன்ன மேரியின் அப்பா. சிண்ட்ரெல்லாவாக ஜூலி ஆண்ட்ரூஸ். பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் அன்று பார்த்தார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஏறத்தாழ 17 கோடி. மேடைக்கு இரண்டு அங்கம் எழுதியே பழகிய ஹாமர்ஸ்டைன், தொண்ணூறு நிமிட நிகழ்ச்சிக்குள் விளம்பரம் வரவேண்டும் என்பதால் கதையை ஆறு குட்டி அங்கங்களாக வெட்டினார். படுதா மாற்றும் நேரத்தை மாமாக் புஷியின் ஆட்கள் பாட்டால் நிரப்பினார்கள். இங்கே அதே நேரத்தில் விளம்பரம் ஓடியது. இரண்டிலும் பார்ப்பவர் எழுந்து போகாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: கண்ணாடிச் செருப்பு பொருந்தும் என்று அவருக்கு முன்பே தெரியும், பொருந்தும் கணத்தைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார். அதோடு, அந்த மாற்றாந்தாய் மக்கள் இருவரையும் வெறும் கெட்டவர்களாக விடாமல் காமெடி ஜோடியாக ஆக்கினார்கள். அழகியாக நடிப்பவரை விடப் பொறாமைப்படுபவருக்குத்தான் நல்ல பாட்டு அமையும். இதை எங்கள் பிள்ளைகளிடம் சொன்ன மறுநாள் அலிபாபா கதையின் கெட்டிக்கார வேலைக்காரப் பெண் மார்ஜியானாவின் வேஷத்துக்கு ஆளே இல்லை, எல்லாருக்கும் காசிம் மனைவி வேஷம் வேண்டுமாம்.

அலிபாபா என்று வந்துவிட்டால் நடிகரும் இயக்குநருமான பி. ரம்லியைச் சொல்லாமல் பினாங்கில் பேசமுடியாது. 1929இல் இங்கே பிறந்தவர். எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் தமிழரான எல். கிருஷ்ணன். 1961இல் ரம்லி இயக்கிய 'அலிபாபா புஜாங் லாப்போக்' கறுப்பு வெள்ளைப் படம். ஏற்கெனவே இரண்டு படங்களில் கல்யாணமாகாத மூன்று வெட்டிப் பயல்களாக ஜனங்களைச் சிரிக்கவைத்த அதே மூவரைத் தூக்கி பாக்தாதில் போட்டார். அஜிஸ் சத்தார் அலிபாபா, எஸ். ஷம்சுதீன் காசிம். ரம்லி தனக்கு எடுத்துக்கொண்டது திருடர் தலைவன் வேஷம். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். கதையில் அலிபாபாவுக்கு அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வேலை இல்லை. நாற்பது பேரைக் கட்டி மேய்க்கும் தலைவனுக்குத்தான் எத்தனை தலைவலி! வெட்டுண்ட காசிமின் உடலைத் தைத்துச் சேர்க்கும் செருப்புத் தொழிலாளியோ ஒரு சீனத் தாத்தா. பாக்தாதில் சீனர் எப்படி வந்தார் என்று பினாங்கில் யாரும் கேட்கமாட்டார்கள், நம் தெருமுனையில் அவரைப் பார்த்திருக்கிறோமே. மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28இல். தியேட்டருக்கென்று எடுத்த அந்தப் படத்தை என் தலைமுறை பார்த்ததெல்லாம் வீட்டு டிவியில்தான், ஹரி ராயா விடுமுறை மத்தியானங்களில், பலகாரத் தட்டோடு.

இனி எங்களை உண்மையாகவே திணறவைத்த இடத்துக்கு வருகிறேன். அலிபாபா கதையில் கொலை அதிகம். காசிமை நான்கு துண்டாக வெட்டுகிறார்கள். மார்ஜியானா எண்ணெயைக் காய்ச்சி, ஜாடிக்குள் ஒளிந்திருக்கும் முப்பத்தேழு திருடர்கள்மேல் ஊற்றுகிறாள். இதைத் தீபாவளி விருந்துக்கு எப்படிக் காட்டுவது? அந்துவான் கலாந்த் என்ற பிரெஞ்சுக்காரர் 1709இல் பாரிஸில் ஹன்னா தியாப் என்ற அலெப்போக்காரர் வாயால் கேட்டு எழுதிவைத்த கதை இது. 'ஆயிரத்தொரு இரவுகள்' பழைய அரபுப் பிரதிகளில் இது கிடையாது. வாய்க்கதை என்பதாலோ என்னவோ, நடிப்பதற்கான இடங்கள் அதில் தயாராகவே இருக்கின்றன. எண்ணெய் எடுக்க இருட்டில் ஜாடியருகே போகும் மார்ஜியானாவிடம் உள்ளிருந்து ஒரு குரல் "நேரமாச்சா?" என்று கேட்கிறது. அவள் தலைவனைப் போலவே "இன்னும் இல்லை" என்கிறாள். அடுத்த ஜாடியிலும் "நேரமாச்சா?" முப்பத்தேழு முறை! எண்ணெயை விட்டுவிட்டு இந்தக் கேள்வியை மட்டும் பாட்டாக்கினோம். கேட்டுக் கேட்டுக் களைத்த திருடர்கள் ஒவ்வொருவராகத் தூங்கிப்போகிறார்கள், விடிந்ததும் மூடியோடு சேர்த்துப் போலீஸ்காரர் தூக்கிக்கொண்டு போகிறார். மார்ஜியானா தலைவனைக் கத்தியால் குத்துவதும் மூலக்கதையில் நடனமாடிக்கொண்டேதான். கத்தியை எடுத்துவிட்டு மத்தாப்பைக் கொடுத்தோம். நடனம் அப்படியே இருக்கிறது.

ஜாடிக்குக் கட்டுமானப் பணியிடத்திலிருந்து நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் நான்கு கிடைத்தது. நான்கு டிரம்மில் முப்பத்தேழு திருடர்கள். மேடையாக இருந்தால் ஒரே பிள்ளைகள் படுதாவுக்குப் பின்னால் ஓடிச் சுற்றி வந்தால் போதும், நாற்பது பேர் வந்த மாதிரி இருக்கும். கேமராவுக்கு இன்னும் சுலபம். அது ஒரு டிரம்மிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக நகரும்போது, தாண்டிவந்த டிரம்மிலிருந்து பையன் வெளியே குதித்து, குனிந்தபடி கேமராவுக்குப் பின்னால் ஓடி, வரிசையின் கடைசி டிரம்முக்குள் புகுந்துகொள்ள வேண்டும். காகிதத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில், மூன்றாவது சுற்றில் ஒருவன் ஏற்கெனவே ஆள் இருந்த டிரம்முக்குள் தலைகீழாக விழுந்தான். "நேரமாச்சா?" என்று கேட்க வேண்டிய குரல் உள்ளேயிருந்து "டேய், என் தலைமேல உட்காராதடா!" என்றது. மார்ஜியானா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூடியை ஒருமுறை தட்டிவிட்டு, "இன்னும் இல்லை" என்றாள்.

அந்தத் துண்டை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.