தொல்லைச் செய்தித் தடையும் நம் வியாபாரச் செய்தியும்

"சரக்கு வந்துவிட்டது", "பாக்கி இவ்வளவு" என்று செல்பேசியில் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பும் பழக்கம் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களிலும் வந்துவிட்டது. அதே செல்பேசியில் கேட்காத கடன் விளம்பரங்களும் மோசடிச் செய்திகளும் வந்து குவிகின்றன. இவற்றைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் மணிலா சலிப்பவர்கள் அறிவார்கள்: சல்லடைக் கண் சிறிதானால் மண் தங்கிவிடும், பெரிதானால் மண்ணோடு மணியும் போய்விடும்.

நம் நாட்டில் இரண்டு முறை அப்படி மணியும் போயிற்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்', 2011 செப்டம்பரில் ஒரு சிம்மிலிருந்து நாளொன்றுக்கு 100 எஸ்.எம்.எஸ்.தான் என்று வரம்பு விதித்தது. நவம்பரில் அது 200 ஆயிற்று. விளம்பரக்காரரைக் கட்ட வந்த கயிறு பொதுமக்களையும் கட்டியது. தனிப்பட்ட செய்திகளுக்கு இந்த வரம்பு செல்லாது என்று 2012 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எத்தனை செய்தி என்று எண்ணுவதைவிட, அனுப்புகிறவர் யார் என்று அறிவதே சரியான முறை. 2018-ஆம் ஆண்டு விதிகள் இந்த அடிப்படையில் வந்தவை. நிறுவனம் தன் பெயரையும், அனுப்புநர் குறியீட்டையும், செய்தியின் வாசக மாதிரியையும் பதிவு செய்ய வேண்டும். அனுப்பும்போது தொலைபேசி நிறுவனத்தின் கணினி அதை மாதிரியோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் செய்தி போகாது.

2021 மார்ச் 8-இல் இந்த ஒப்பீடு முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, மாதிரியைச் சரியாகப் பதியாத நிறுவனங்களின் செய்திகள் நின்றன. வங்கி ஓ.டி.பி.கூட வராமல் மக்கள் தவித்தனர். மறுநாளே டிராய் அதை 7 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. முறையில் தவறில்லை, பதிவு சரியாக இல்லாததே சிக்கல்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. பலருக்கு மொத்தமாகச் செய்தி அனுப்புவோர் ஏதேனும் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் தளத்தில் கடையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

2. மாதிரியில் பெயர், தொகை, தேதி ஆகியவற்றுக்கு மட்டும் இடம் விட்டு, மற்ற சொற்களைப் பதிந்தபடியே அனுப்ப வேண்டும். பண்டிகைக்காக ஒரு வரி சேர்த்தாலும் செய்தி நின்றுவிடக்கூடும்.

3. சொந்த 10 இலக்க எண்ணிலிருந்து மொத்தமாக விளம்பரம் அனுப்பக் கூடாது. பதிவில்லாத விளம்பரதாரரின் இணைப்புகளைத் துண்டித்து, 2 ஆண்டுகள் வரை தடைப்பட்டியலில் வைக்குமாறு 2024 ஆகஸ்டில் டிராய் ஆணையிட்டுள்ளது.

4. விளம்பரம் வேண்டாம் என்று பதிந்தவருக்கு, அவர் சம்மதமின்றி அனுப்பக் கூடாது.

நமக்கு வரும் தொல்லை பற்றி 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2025 முதல் இதற்கு 7 நாள் அவகாசம் உண்டு. புகார் செய்யும் உரிமை நம் வாடிக்கையாளருக்கும் உண்டு என்பதை மனதில் வைத்துச் செய்தி அனுப்பினால், நம் செய்தியும் போய்ச் சேரும். கடையின் பெயரும் நிலைக்கும்.