உள்ளே கசியும் ரத்தம்

ஹீமோஃபிலியா என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், விரலில் ஒரு கீறல் விழுந்தாலும் ரத்தம் ஆறாய்ப் பெருகி மனிதன் மாண்டுபோவான் என்ற பயங்கரச் சித்திரமே பலருடைய மனத்தில் எழுகிறது. ஆனால் இவ்வியாதி உள்ளவருக்கு ரத்தம் பிறரைவிட வேகமாகப் பாய்வதில்லை. உறைவதற்கு வேண்டிய எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி (ஃபாக்டர்) பிறவியிலேயே குறைந்திருப்பதால், நெடுநேரம் நில்லாமல் கசிகிறது. வெளிக்காயத்தைவிட, முழங்காலிலும் முழங்கையிலும் கணுக்காலிலும் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும் ரத்தமே பிரதான சத்துரு. ஒரே மூட்டில் அது மீண்டும் மீண்டும் தேங்குமானால், குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, வாலிபப் பருவத்திலேயே கால் முடங்கிவிடும்.

வீக்கம் தோன்றுவதற்கு முன்பே மூட்டினுள் ஒரு குறுகுறுப்பையும் இளஞ்சூட்டையும் இவ்வியாதி உள்ள சிறுவன் உணர்ந்துவிடுகிறான். பள்ளிக்கு மட்டம் போடச் சொல்லும் சாக்கென்று அதைத் தள்ளாமல், அவன் வாக்கையே முதல் பரிசோதனையாக ஏற்று, ஃபாக்டர் ஊசியை உடனே போட்டு, மூட்டுக்கு ஓய்வு கொடுப்பதே சிகிச்சையின் ஜீவநாடி. தலையில் அடிபட்டால் முதலில் ஃபாக்டர், பிறகே ஸ்கேன். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளையும், தசையில் போடும் ஊசியையும், வீங்கிய மூட்டை எண்ணெயிட்டு உருவுவதையும் அறவே விலக்க வேண்டும்.

தாய்வழியே வரும் வியாதி என்று பெற்றவளைப் பழிப்பது அநியாயம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இது இருந்ததில்லை. மாதவிலக்கில் ஏழு நாளுக்கு மேல் மிகையாக ரத்தம் போகும் பெண்ணுக்கும், வான் வில்லிபிராண்ட் நோய் முதலிய உறைதல் குறைகள் இருக்கக்கூடுமாதலால், பரிசோதனை அவசியம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 குறைபாடுகளுள் ஹீமோஃபிலியாவும் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி எதுவும் இதைக் காரணங்காட்டிப் பிள்ளையைப் பாகுபடுத்தலாகாது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பென்று சான்று பெற்றவருக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. உரிமை மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசமாகவே கிடைக்கிறது.

நோயின் வகை, காரணியின் அளவு, சிகிச்சை பெறும் மருத்துவமனை ஆகிய மூன்றையும் எழுதிய சீட்டு ஒன்று பிள்ளையின் புத்தகப்பையில் எப்போதும் இருக்கட்டும். அதன் பிரதியை வகுப்பாசிரியரிடம் கொடுக்கும்போது, "கால் குறுகுறுக்கிறது என்று இவன் சொன்னால் நம்புங்கள், ஐயா" என்ற ஒரு வார்த்தையையும் சொல்லிவிட்டு வாருங்கள்.