தரையில் சிந்திய மை

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தரையில் மை சிந்துவது புதுமையன்று. மைக்கூட்டின் காலம் மலையேறிவிட்டதே என்று சிலர் எண்ணக்கூடும். மைக்கூடு போனால் என்ன? ஊற்றுப் பேனா இன்னும் இருக்கிறது. பந்துமுனைப் பேனா, தடித்த மார்க்கர், ரப்பர் முத்திரைக்கு உரிய மை, அச்சுப் பொறிக்கு வீட்டிலேயே ஊற்றிக்கொள்ளும் நால்வர்ணக் குப்பிகள் என்று ஒரு மைக்கூடு இருந்த இடத்தில் இப்போது பல வந்து உட்கார்ந்திருக்கின்றன.

மை சிந்தியதும் நடப்பது எல்லா வீடுகளிலும் ஒரே நாடகந்தான். குழந்தைக்கு முதுகில் இரண்டு விழும். பாட்டியார் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார். பக்கத்து வீட்டு மாமி மண்ணெண்ணெய் என்பார். வீட்டு எஜமானரோ குளியலறையிலிருந்து ஆசிட் குப்பியுடன் வந்து நிற்பார். இவை ஒவ்வொன்றும் எங்கேயோ ஒரு தரையில் ஏதோ ஒரு கறைக்குப் பலித்திருக்கும். ஆனால் அந்தத் தரை நம் தரைதானா, அந்த மை இந்த மைதானா என்று கேட்பார் இல்லை. கறையால் கெட்ட தரைகளைக் காட்டிலும் கறைக்குச் செய்த வைத்தியத்தால் கெட்ட தரைகளே மிகுதி என்பது நம் அபிப்பிராயம்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். ஈரத் துணியை எடுத்துத் துடைக்காதீர்கள். துடைத்தால் கையகலக் கறை முறத்தளவு ஆகிவிடும். பழந்துணியையோ உறிஞ்சுதாளையோ மையின்மேல் வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு அரிசி மாவை மேலே தூவிச் சற்று நேரம் விட்டால், எஞ்சிய ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். கோலத்துக்கு வைத்த மாவு அரிசி மாவாயிருந்தால் அதுவே போதும். வர்ணக் கோலப் பொடியைத் தூவி, நீலக் கறைக்குத் துணையாகச் சிவப்புக் கறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்!

அடுத்தது தரையின் குலம் கோத்திரம் விசாரிப்பது. இதற்குப் பெரிய பரீட்சை ஒன்றும் தேவையில்லை. கறை படாத ஓரிடத்தில் ஒரு துளி நீரை விட்டுப் பத்து நிமிஷம் பார்த்திருங்கள். துளி முத்துப்போல நின்றால் அது மெருகுப் பூச்சுள்ள பீங்கான் டைல் அல்லது விட்ரிஃபைட் டைல். அதன் மேற்பரப்பு ஏறக்குறைய கண்ணாடிக்குச் சமானம். மை மேலேதான் நிற்கும்; பெரும்பாலும் எளிதில் போய்விடும். துளி பரவி அந்த இடம் கருத்தால் அந்தக் கல் நீரைக் குடிக்கிறது என்று பொருள். நீரைக் குடிக்கும் கல் மையையும் குடிக்கும். சுட்ட சிவப்பு மண் ஓடு, மொசைக், சலவைக்கல், சிமெண்டுக் கல் ஆகியவை ஏற்றத்தாழ்வுடன் இந்த வகையைச் சேர்ந்தவை.

இவற்றுள் நாம் மிகவும் கவலைப்படுவது காரைக்குடிக்கு அருகே உள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் கற்களைப் பற்றியே. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் அவற்றைக் காணாதவர் சிலரே இருப்பர். அந்தக் கல் சூளையில் சுடப்படுவதன்று. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவான உலோக அச்சின் அறைகளில் வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்ல எடுத்தபின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்புவார்கள். இறுகியபின் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் கண்ணாடியைப் பிரித்தால் பளபளக்கும் முகம் வெளிப்படும். மெருகு ஏற்றும் இயந்திரம் எதுவுமில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்த வழவழப்பு. பிறகு அது மங்காமல் இருப்பது ஆண்டுக்கணக்கில் மனிதர் நடந்தும் துடைத்தும் பழக்குவதால்தான்.

இத்தகைய கல்லின்மேல் எலுமிச்சையைத் தேய்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை! சிமெண்டில் உள்ளது சுண்ணாம்புச் சத்து. புளிப்புள்ள எதுவும், அது எலுமிச்சையானாலும் புளியானாலும் வினிகரானாலும், சுண்ணாம்பைக் கரைத்துவிடும். குளியலறை ஆசிட் பட்டால் தரை நுரைத்துப் பொங்குவதைக் கண்ணாலேயே காணலாம். நுரைத்துப் போவது கறை அன்று; கல்லின் முகம். மை மறையத்தான் செய்யும். அதன் இடத்தில் சொரசொரப்பான வெளுத்த தழும்பு ஒன்று நிரந்தரமாக நின்றுவிடும். சலவைக்கல்லுக்கும் மொசைக்குக்கும் இதே விதிதான்.

மைகளிலும் ஜாதிகள் பல. மாணவர்கள் பயன்படுத்தும் நீல மை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த வெறும் சாயம். பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய்ப் பசையுள்ளது. தண்ணீருக்கு மசியாது, ஸ்பிரிட்டுக்கு உடனே இளகும். மார்க்கர், முத்திரை மை ஆகியவற்றுக்கும் மெருகு டைலின்மேல் ஸ்பிரிட்டே உகந்தது. பஞ்சில் நனைத்து ஒற்றி, அழுக்கேறிய பஞ்சை அடிக்கடி மாற்ற வேண்டும். அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் ஸ்பிரிட் குப்பியைத் திறக்கலாகாது. கருமையான சித்திர மையும் அச்சுப் பொறிக் கறுப்பு மைகள் பலவும் புகைக்கரியால் ஆனவை. கரியை எந்த மருந்தும் வெளுக்காது. மேலே நிற்கும் வரையில் சோப்பு நீரும் பொறுமையுமே மருந்து.

பழைய கறுப்பு நீல மை ஒரு விசித்திரப் பிறவி. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா? அதே தத்துவந்தான். அதில் இரும்பு இருக்கிறது. பிளீச்சிங் பவுடரைப் போட்டால் நீலம் மறைந்து, பழுப்பான துருக்கறை எஞ்சும். முன்னதற்காவது ஓர் அழகு இருந்தது!

கல் குடித்துவிட்ட சாய மைக்கு நாம் சிபாரிசு செய்வது பற்றுப் போடும் முறை. தலைவலிக்குச் சுக்குப் பற்று போடுவது போலத்தான். வெள்ளைச் சுண்ணக்கட்டித் தூள், அல்லது முல்தானி மட்டி எனப்படும் களிமண் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறையின்மேலும் அதைச் சுற்றி ஓர் அங்குலமும் கால் அங்குல கனத்துக்கு அப்புங்கள். பந்துமுனை மையானால் பெராக்ஸைடுக்குப் பதிலாக ஸ்பிரிட். மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஓரங்களை ஒட்டிவிட்டு, 24 மணி நேரம் கழித்துத் தாளை நீக்கித் தானாக உலர விடுங்கள். உலரும்போதுதான் வேலை நடக்கிறது. பற்றின் ஈரம் மேலே ஆவியாகப் போகப் போக, கல்லின் நுண்துளைகளில் உள்ள ஈரம் சாயத்தையும் இழுத்துக்கொண்டு பற்றுக்குள் ஏறுகிறது. நன்றாகக் காய்ந்தபின் மரக்கரண்டியால் பெயர்த்துவிட்டு வெறும் நீரால் கழுவலாம். ஒரே தடவையில் போகாது. மூன்று நான்கு முறை போட்டாலும் பாதகமில்லை. வர்ணக் கல்லானால், பீரோவுக்கு அடியில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்த பிறகே நடுக்கூடத்தில் கைவைக்க வேண்டும்.

டைல்களுக்கு இடையே உள்ள இணைப்பும் சிமெண்டே ஆகையால், பீங்கான் டைலில் மை போனாலும் கோட்டில் நின்றுவிடும். கோட்டின்மேலும் பழைய பல் துலக்கும் பிரஷால் இதே பற்றை வைக்கலாம்.

இங்கே சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஒன்றால் போகாவிட்டால் மற்றொன்று என்று மருந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் நீரின்மேல் ஆசிட் பட்டால் குளோரின் என்னும் விஷவாயு கிளம்பும். 1915ஆம் வருஷம் ஏப்ரல் 22ஆம் தேதி, பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மன் படையினர் எதிரிகளின்மேல் ஏவியது இந்த வாயுவைத்தான். ஜன்னலைச் சாத்திய குளியலறையில் அதை நாமே தயாரித்துச் சுவாசிப்பதா? எலுமிச்சையும் வினிகரும்கூட பிளீச்சிங் பவுடரோடு சேரலாகாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீரும், ஸ்பிரிட்டும் அவ்வாறே. தொண்டை கரிக்கிறது என்று தோன்றினால் கறையை மறந்துவிட்டு உடனே வெளியே வந்து நல்ல காற்றில் நிற்க வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் தாமதமின்றி வைத்தியரிடம் போக வேண்டும். வேலைக்கு வரும் அம்மாளிடமும் இதைச் சொல்லி வையுங்கள். முக்கால்வாசி நேரம் அந்தக் குப்பிகளைக் கையாள்பவர் அவரே.

வீட்டு வைத்தியத்துக்கு அடங்காத மை ஒன்றும் உண்டு. 1962ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் மையில் வெள்ளி உப்பு இருக்கிறது; வெளிச்சம் பட்டுக் கருத்த பின் அது அசையாது. விரலில் நகம் வளர்ந்து கறை போகும். தரைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அங்கே கல்லை மாற்றுவது தவிர வேறு வழி தெரியவில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய கற்கள் பரணில் நாலைந்து இருந்தால் நல்லது. கடையில் அதே பூவும் அதே சாயலும் மறுபடி கிடைப்பது அரிது. புதுக் கல் பழையவற்றின் நடுவே சில மாதங்கள் பளிச்சென்று தனித்துத் தெரியும்; நடக்க நடக்கச் சரியாகிவிடும்.