புகையின் நிறம்

பழுது நீக்கிப் புதிதாகப் பூட்டிய மோட்டார் எஞ்சின் புகைந்தால், "மறுபடியும் பிரிக்கவேண்டும்" என்று அவசரப்படுவோர் உண்டு. அதனால் உரியவரின் சேமிப்புக் கரைந்துபோகும். நான் விஞ்ஞான வகுப்பில் வற்புறுத்தி வந்த விதி இங்கும் பொருந்தும்: உற்றுநோக்கிய பின்னரே முடிவு செய்க.

கறுப்புப் புகை, காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலின் அடையாளம். முதலில் காற்று வடிகட்டியையும் கார்புரெட்டரையும் சோதிக்கவேண்டும். குளிர்ந்த காலையில் தோன்றி மறையும் வெண்புகை வெறும் நீராவியே. எஞ்சின் சூடேறிய பின்னும் அது நீடித்து, ரேடியேட்டர் நீரும் குறையுமாயின், சிலிண்டருக்குள் நீர் கசிகிறது எனலாம். வண்டியை உடனே நிறுத்துதல் வேண்டும்.

நீலப் புகையோ, எண்ணெய் எரிவதைக் காட்டும். புதிய பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு இழைந்து பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் தேவை. அதுவரை சிறிது நீலப் புகை இயல்பே. பின்னும் குறையாவிடில், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கவேண்டும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால் உண்மை விளங்கும். எண்ணெய், வளையத்தின் இடுக்கைச் சற்று நேரம் அடைத்துவிடும். ஆகவே அழுத்தம் உயர்ந்தால் குறை வளையங்களில். உயராவிடில் வால்வுகளையோ ஹெட் கேஸ்கெட்டையோ ஐயுறலாம்.

அளந்து அறிந்தபின் ஸ்பானரை எடுப்பவரே நல்ல மெக்கானிக்.