ஒற்றைத் தந்தியும் ஓர் அளவுகோலும்

நீளமான மரப்பெட்டி. அதன் மேல் இழுத்துக் கட்டிய ஒரே ஒரு தந்தி. அடியில் இப்படியும் அப்படியும் நகர்த்த ஒரு குதிரை. கச்சேரிக்கு உதவாத இந்தக் கருவியைப் பழைய கிரேக்கர்கள் கனோன் என்றார்கள். மோனோகார்டு என்ற பெயரும் உண்டு. கி.மு. 300 வாக்கில் எழுதப்பட்டு யூக்ளிட் பெயரில் வழங்கும் ஒரு நூல், இதில் எந்தச் சுரம் எங்கே விழும் என்று வடிவியல் கணக்காகவே போட்டுக் காட்டுகிறது.

தந்தியின் நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழுத் தந்தியையும் மீட்டி, அதைச் ‘ச’ என்போம். குதிரையை நகர்த்தி 45 செ.மீ. மட்டும் ஒலிக்க விட்டால் மேல் ‘ச’. 60 செ.மீ. என்றால் ‘ப’. 67.5 என்றால் சுத்த மத்யமம். பாதி, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று! காது காலங்காலமாக இனிமை என்று ஏற்றுக்கொண்டவை எல்லாம் சின்னச் சின்ன முழு எண்களாக அளவுகோலில் வந்து உட்கார்கின்றன. எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு இந்த வியப்பு தீரவில்லை.

கொல்லன் பட்டறையில் சம்மட்டிகளின் ஓசையைக் கேட்ட பித்தகோரஸ், அவற்றின் எடையில் இந்த விகிதங்களைக் கண்டார் என்று ஒரு கதை உண்டு. தந்தியில் அதே விகிதத்தில் எடை தொங்கவிட்டும் சோதித்தாராம். நடக்காத காரியம். எடையை இரட்டித்தால் மேல் ‘ச’ வராது; நான்கு மடங்காக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஏட்டுக்கு ஏடு எழுதிவந்த இந்தப் பிழையை 16ஆம் நூற்றாண்டில் உடைத்தவர் லூட் கலைஞர் வின்சென்சோ கலிலி, கலிலியோவின் தந்தை.

ஒற்றைத் தந்தியின் பெருமை இங்கேதான் இருக்கிறது. இழுவிசை, தடிமன், உலோகம் எதுவும் மாறுவதில்லை. மாறுவது நீளம் ஒன்றுதான். நல்ல சோதனைக்கு வேறென்ன வேண்டும்? நீளம் பாதியானால் அதிர்வு இரட்டிப்பாகிறது என்பதை, இழுவிசை, எடை பற்றிய விதிகளோடு சேர்த்து 1636இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் அச்சிட்டார்.

நம் பள்ளி ஆய்வகத்துச் சுரமானி இதன் நேர் வாரிசு. தந்தியின் மேல் மடித்த காகிதத் துணுக்கை வைத்து, தட்டிய இசைக்கவையின் காம்பைப் பெட்டியில் ஊன்ற வேண்டும். நீளம் சரியாக அமைந்த நொடியில் துணுக்கு துள்ளிக் கீழே விழும். கை படாமலே!

இத்தனை ஒழுங்கான கணக்கில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. ‘ச’விலிருந்து ‘ப’, அந்த ‘ப’வையே ‘ச’வாகக் கொண்டு அதற்கொரு ‘ப’ என்று 12 முறை ஏறினால், ஏழு ஸ்தாயி மேலே அதே ‘ச’வில் போய் நிற்க வேண்டும். நிற்பதில்லை. ஒவ்வொரு படியிலும் அதிர்வு 3/2 மடங்காவதால், 128 மடங்குக்குப் பதில் ஏறத்தாழ 129.75 மடங்கு வருகிறது. தந்தியில் குறையில்லை. மூன்றை மூன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படைதான். இரண்டின் பெருக்கம் இரட்டைப்படை. இரண்டும் ஒருநாளும் ஒன்றாகா. அதனால்தான் இன்று பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் அந்த மிச்சத்தை 12 பஞ்சமங்களுக்கும் பங்கு போட்டு, ஒவ்வொன்றையும் மயிரிழை இறக்கி வைக்கிறார்கள்.