பத்தினி தேவாலயம் வரும்வரை தாக்குப்பிடிக்குமா?

எசல பெரஹராவின் கடைசி ஐந்து இரவுகளான ரந்தோலியைப் பார்க்க, கண்டி தலதா வீதியில் மத்தியானமே இடம் பிடிக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களின் கையில் இன்று இருப்பது டிஎஸ்எல்ஆர். கம்கோடரைக் காண்பது அரிதாகிவிட்டது. 2008இல் நிக்கோன் டி90உம் கெனன் 5டி மார்க் 2உம் வந்தபோது தொடங்கிய மோகம் இது.

மோகத்தில் நியாயம் இல்லாமலில்லை. கொப்பரை எரியும் தீவட்டிகளே பெரஹராவின் ஆதி வெளிச்சம். 5டியின் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர். கம்கோடர்களில் பரவலாக உள்ள மூன்றிலொரு அங்குலச் சென்சரோ 4.8க்கு 3.6தான். பரப்பில் 50 மடங்கு வித்தியாசம். சிறிய சென்சரில் இருட்டு புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். பெரியதில் யானையின் நெற்றிப்பட்டத்துச் சரிகைகூடத் தனித்தனியாகத் தெரியும்.

ஆனால், பெரஹரா மணிக்கணக்கில் நகர்வது. தலதா மாளிகைப் பெரஹரா முதலில். பிறகு நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்கள். பத்தினி தேவாலயம் (நம்முடைய கண்ணகிதான்!) கடைசியில். 5டி மார்க் 2 ஏறக்குறைய 12 நிமிடத்தில், 4 ஜிபி நிறைந்ததும் நின்றுவிடும். பின்வந்த பல டிஎஸ்எல்ஆர்களுக்கு எல்லை 29 நிமிடம் 59 செக்கன். அரை மணி தொடர்ந்து பதிந்தால் ஐரோப்பியச் சுங்கம் அதை வீடியோ கமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் தீர்வை கேட்டது என்பதே காரணம். எங்கோ மிச்சம்பிடித்த வரிக்காக, கரண்டுவ என்னும் பேழையைச் சுமந்த கொம்பன் இங்கே பாதியில் வெட்டுப்படுகிறது. அண்மைக்கால மிரர்லெஸ் கமராக்கள் பலவற்றில் இந்தத் தடை இல்லை. நீண்ட பதிவில் சூடேறும் தொல்லை சிலவற்றில் உண்டு.

சத்தம் இன்னொரு பாடு. ஊர்வலத்தின் முன்னால் சாட்டைக்காரர்கள் வருவார்கள். சாட்டை வெடித்ததும் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு மிரண்டு மட்டத்தைத் தாழ்த்தும்; அடுத்து வரும் மேளம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். ஒலி மட்டத்தைக் கையால் வைக்கும் வசதி 5டி மார்க் 2க்கு 2010இல்தான் கிடைத்தது. தொழில்முறைக் கம்கோடர்களில் மைக் செருகும் துளையும் ஒலிக் குமிழும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஒரே விரலால் ஸூமை மெல்ல இழுத்து, கரண்டுவவிலிருந்து யானையின் காலடியில் விரித்த வெண்துணிவரை போகலாம். லென்ஸ் மாற்றும் பேச்சே இல்லை.

கல்யாண வீட்டிலும் இதே கதைதான். மணப்பெண்ணின் முகத்தைத் தனித்துக் காட்டப் பின்னணியைக் கரைப்பதில் டிஎஸ்எல்ஆரை மிஞ்ச முடியாது. அந்த மெல்லிய ஃபோகஸே கெட்டிமேளம் கொட்டும்போது காலை வாரும்: முகம் தெளிவாக இருக்கும், தாலி மங்கிப்போகும். இரண்டாம் தடவை கட்டச் சொல்ல முடியுமா?

என் தீர்ப்பு இது: பாட்டுப் போட்டுத் தொகுக்கும் ஐந்து நிமிடக் காட்சிக்கு டிஎஸ்எல்ஆர். பெரஹராவோ மாத்தளை முத்துமாரியம்மன் தேரோ, முழுதாகப் பதிய வேண்டுமானால் கம்கோடர். புதிதாக வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். மேலதிகப் பற்றரி இரண்டும் கேட்டு வாங்குங்கள்.