கேட்டல் மட்டும் கற்றலாகுமா?

"இவர் எங்கே பாடம் நடத்துகிறார்? கேள்வியைப் போட்டுவிட்டு நம்மையே பேசச் சொல்கிறார்!" என்னும் குறையை விடுதி உணவுக்கூடத்தில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் தங்கு தடையின்றிப் பொழிபவரே சிறந்த ஆசிரியர் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். மேடைப் பேச்சைச் சுவைத்து வளர்ந்த தமிழர்களாகிய நமக்கு அவ்வெண்ணம் சற்று மிகுதி என்றும் சொல்லலாம். அது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1984-இல் இயற்பியல் கற்பிக்கத் தொடங்கியவர் எரிக் மசூர். மாணவர்கள் அவர் விரிவுரையைப் பாராட்டினர். தேர்வுக் கணக்குகளையும் நன்றாகவே போட்டனர். ஆயினும் 1990-ஆம் ஆண்டையொட்டி, கணக்கே இல்லாத எளிய வினாக்கள் சிலவற்றை அவர் கொடுத்தபோது பலர் தடுமாறினர். அவ்வினாக்களுள் ஒரு வகை இது: பாரமான லாரியும் சிறிய காரும் மோதுகின்றன, எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்பவரும் "லாரிதான்" என்று விடை தருவர். உண்மையில் இரு விசைகளும் சமமே. காரின் நிறை குறைவாதலின் அதன் வேகம் மிகுதியாக மாறுகிறது, நொறுங்குவதும் அதுவே. விதி நாவில் இருந்தது. கருத்தில் பழைய எண்ணமே இருந்தது.

இதைக் கண்ட மசூர் வகுப்பின் அமைப்பையே மாற்றினார். சிறிது நேரம் விளக்குவார். பின் ஒரு வினா தருவார். ஒவ்வொருவரும் தனியே சிந்தித்து விடையைத் தெரிவிக்க வேண்டும். நூற்றுக்கு 30 பேருக்கும் குறைவாகச் சரியாகச் சொன்னால் பாடத்தை மறுபடி விளக்குவார்; 70 பேருக்கு மேல் சொன்னால் அடுத்த பகுதிக்குச் செல்வார். இடைப்பட்ட நிலையில், பக்கத்தில் இருப்பவரோடு வாதிடச் செய்து மீண்டும் விடை கேட்பார். இம்முறையை விளக்கும் அவரது நூல் 1997-இல் வெளிவந்தது.

இதனால் மாணவருக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கும் பயன் உண்டு. சற்று முன்புதான் புரிந்துகொண்ட மாணவனுக்குத் தன் தோழன் எங்கே இடறுகிறான் என்பது தெரியும். பல்லாண்டுப் பழக்கமுள்ள பேராசிரியருக்கு அந்த இடறலே மறந்து போயிருக்கும். வகுப்பு வாதிடும்போது வரிசைகளினூடே நடந்து காது கொடுப்பவர், அதை மறுபடி அறிகிறார். பேசிக்கொண்டே இருப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2014-இல் வெளியாயிற்று. விரிவுரை மட்டுமே நிகழ்ந்த வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் தேறவில்லை. மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் அது 22 ஆகக் குறைந்தது. தேறாத ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை இருப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹார்வர்டிலேயே நிகழ்ந்து 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு நம்மை நேராகத் தொடுவது. ஒரே இயற்பியல் பாடத்தைச் சிலர் தேர்ந்த விரிவுரையாகக் கேட்டனர். சிலர் தாமே முயன்று கற்றனர். முயன்றவரே சோதனையில் மிகுதியாக மதிப்பெண் பெற்றனர். ஆனால் குறைவாகக் கற்றதாக எண்ணியவரும் அவர்களே! சரளமான பேச்சைக் கேட்கையில் எல்லாம் புரிந்ததாகத் தோன்றுகிறது. தானே முயல்கையில் ஏற்படும் திணறலைப் புரியாமையின் அடையாளமாக மனம் கொள்கிறது. ஆகவே, பருவ இறுதியில் நம்மிடம் தரப்படும் கருத்துத் தாளில், நம்மைச் சிந்திக்க வைத்த ஆசிரியருக்கே நாம் குறைந்த மதிப்பீடு தரக்கூடும். அதைக் கண்டு அவர் பழைய விரிவுரைக்கே திரும்பினால் நட்டம் யாருக்கு?

நான் ஆய்வு மாணவன்; வாரம் இருமுறை முதலாண்டு மாணவருக்குப் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். தமிழ்வழியில் பயின்று வந்த தம்பி தங்கைகள் கடைசி வரிசையில் வாய் திறவாமல் இருப்பதைக் காண்கிறேன். எழுந்து ஆங்கிலத்தில் பேசுவது அவர்களுக்கு அச்சம் தருவது. அறியாமை வேறு, அச்சம் வேறு. பக்கத்துத் தோழரோடு பேசச் சொன்னதும் அவர்கள் தமிழில் தெளிவாக வாதிடுகின்றனர். தமிழில் தெளிந்த பின் ஆங்கிலம் தானே துணிவோடு வருகிறது. விரிவுரை மட்டும் நிகழும் வகுப்பில் இவர்களின் அறிவு யார் கண்ணுக்கும் படுவதில்லை.

ஆசிரியர்களின் வளர்ச்சிக்கு நம் நாட்டில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 'அகடமிக் ஸ்டாஃப் காலேஜ்'களை ஏற்படுத்தியது. அவை 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்களாகவும், 2023-இல் மாளவியா இயக்கத்தின் பயிற்சி மையங்களாகவும் பெயர் மாறின. அங்கே சில வாரம் பயின்று வரும் ஆசிரியர், கற்றதைச் செயல்படுத்தும் இடம் நம் வகுப்பறையே. அங்கு நாம் ஊமைகளாய் இருந்தால் அப்பயிற்சி சான்றிதழோடு முடிந்துவிடும். ஆய்வு வழிகாட்டிகளுக்கும் இது பொருந்தும். "ஆம் ஐயா" என்று மட்டும் சொல்லும் மாணவனிடம் வழிகாட்டி எதைக் கண்டு திருத்துவார்?

ஆதலின் நண்பர்களே, ஆசிரியர் வினாக் கேட்டால் தவறாயினும் விடை சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் வேற்று மொழியினராயினும் அவரோடு வாதிடுங்கள். கருத்துத் தாளை நிரப்புமுன், "இவர் பேச்சு இனித்ததா?" என்று கேட்பதோடு நில்லாமல், "இவர் வகுப்பில் நான் எதைச் செய்யக் கற்றேன்?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் சங்க அறையில் வாரம் ஒரு மாலை, முதலாண்டு மாணவரும் மூத்தவரும் கூடி இவ்வாறு வினா விடையாகப் பயிலலாம் என்பது என் விருப்பம். உடன்படுவோர் செயலாளரிடம் பெயர் கொடுப்பார்களாக.